தாளடிப் பாட்டுக்கு அடி போட்டவர்கள்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு எது வேண்டுமானாலும் ஆசை வரலாம் என்று இருந்த நாளில், ஒரு ராஜாவுக்கு வெள்ளைத் தாமரை மேல் ஆசை வந்தது. எந்த ஊர், எந்த ராஜா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு குளம் வெட்டினார்கள். குளம் நிறைய வேண்டாமா? ஏரி மதகில் பலகை போட்டு வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்து, தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பினார்கள். தாமரை பூத்தது. ஆஸ்தான கவி கனகசபைக் கவிராயர் தாமரை மேல் நூறு பாட்டுப் பாடித் தங்கக் காப்பு வாங்கிக்கொண்டார். அந்த நூறில் ஒன்றாவது அரண்மனைக்கு வெளியே யார் வாயிலாவது நுழைந்ததா என்றால், இல்லை. ஊரெல்லாம் வேறு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் ராஜா உப்பரிகையில் நின்றார். கீழே குதிரைக்குப் புல் கொண்டு வந்த பெண்கள் கட்டை இறக்கிக்கொண்டே பாடினார்கள்.

*தாமரைக்குத் தண்ணி உண்டு, தங்க மதகு காவ உண்டு*
*தாளடிக்குத் தண்ணி இல்லே, தாய்ப்பாலும் ஊறவில்லே*

ராஜா முகம் கறுத்தது. சிறிது நேரம் கழித்து வாயிற்காவலன் ஈட்டியைத் தரையில் தட்டித் தாளம் போட்டு அதையே முணுமுணுத்தான். அதற்குப் பிறகு ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சபை கூடியது. கவிராயர் முதலில் எழுந்தார்.

"அரசே, சட்டி இருந்தால் குயவன் இருப்பான். பாட்டு இருந்தால் பாடிய புலவன் இருப்பான். அடியேனுக்கு உத்தரவு கொடுங்கள். அந்தப் புலவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன்."

உத்தரவு கிடைத்தது. கவிராயர் பல்லக்கில் போனார், ஓலையும் எழுத்தாணியும் கையில் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் நின்றார். தாளடி, அதாவது இரண்டாம் போக நடவு, பாதியில் நின்றுபோன ஊர் அது. மேல்பாதி வயலில் பயிர் மஞ்சளாகிக் கிடந்தது, கீழ்பாதி வெடித்துக் கிடந்தது. இருந்த கொஞ்சம் ஈரத்தில் நாலைந்து பெண்கள் நின்று நட்டுக்கொண்டு பாடினார்கள். முன்பாட்டு எடுத்துக் கொடுத்தவள் ஓவாயி. நாற்பது வயதிருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓவாயி வந்து குரல் கொடுத்தால்தான் நடவுக்கு ஆள் இறங்கும் என்பார்கள். கவிராயர் பாட்டை எழுதிக்கொண்டார், ஓவாயியைப் பிடித்துக் கட்டி இழுத்து வரச் சொன்னார்.

சபையில் ஓவாயி நின்றாள். காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"இந்தப் பாட்டைப் பாடியது நீயா?" என்று ராஜா கேட்டார்.

"பாடுனேனுங்க சாமி."

"இயற்றியதும் நீதானே?"

"ஒரு அடி என்னுதுங்க. மிச்சமெல்லாம் என்னுது இல்லீங்க. நான் ஒண்ணு சொல்லுவேன், பின்னால நிக்கிறவ ஒண்ணு சொல்லுவா, வண்டிக்காரவுக போற போக்குல ஒண்ணு போட்டுட்டுப் போவாக. எங்க பாட்டு அப்படித்தானுங்க வளரும்."

"அந்த மற்றவர்கள் யார்?"

ஓவாயி வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பின்பாட்டு நின்ற செம்பாயி கைக்குழந்தைக்காரி. தாய்ப்பால் அடி அவள் போட்டது. அந்தப் பெயரைச் சொல்வாளா அவள்?

"சொல்லாத நாக்கு எதற்கு?" என்றார் ராஜா. "அறுத்துவிடுங்கள்."

கொலுவின் ஓரத்திலிருந்து அப்போது ஒருவன் எழுந்தான். குப்பாண்டி என்று பெயர். சபைக்கு விகடன். சிரிக்க வைப்பதற்கு அவனுக்குப் படியளந்தார்கள். அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மகாராஜா, ஓர் அடி போட்டவளுக்கு நாக்குப் போகும். மீதி அடி போட்டவர்கள் எல்லாம் நாளைக்கும் பாடிக்கொண்டிருப்பார்கள். அரைகுறை நீதி மகாராஜாவுக்கு அழகாகுமா?"

அவனுக்குத் தேவைப்பட்டது நாலு நாள் அவகாசம். அவ்வளவுதான். ஆனால் கவிராயர் அந்த வார்த்தையை லபக்கென்று பிடித்துக்கொண்டார். குப்பாண்டி அடிக்கடி வயல் பக்கம் போய்வருவது அவருக்குத் தெரியும்.

"விகடர் சொல்வது முற்றிலும் சரி, அரசே. இந்தப் பாட்டில் முதல் அடி முதல் கடைசி அடி வரை, அடி போட்டவர் யாராயிருந்தாலும், எந்தக் குலத்தவராயிருந்தாலும், எந்தப் பதவியிலிருந்தாலும், ஒருவர் விடாமல் நாக்கை அறுக்க வேண்டும். அவர்களை மூன்று நாளில் இதே சபையில் கொண்டு வந்து நிறுத்தும் பொறுப்பை விகடரே ஏற்கட்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அவர் நாக்குப் பிணை."

ராஜா வாளை உருவி, குலதெய்வத்தின் பேரில் ஆணையிட்டு, கவிராயர் சொன்ன வார்த்தைகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே சொன்னார். ஓவாயியைச் சிறையில் வைத்தார்கள்.

குப்பாண்டி தானே மாட்டிக்கொண்டான். அந்தப் பாட்டில் ஓர் அடி அவனுடையது. போன மாதம் அந்த வரப்பு வழியாகப் போனபோது சும்மா இருக்க மாட்டாமல் ஒன்றை எடுத்து விட்டிருந்தான். இப்போது அது ஊரெல்லாம் சுற்றுகிறது.

மறுநாள் வயலுக்குப் போனான். பெண்கள் நாற்றங்காலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்னா அண்ணே, எங்க பேரையெல்லாம் எழுதிக்கிட்டுப் போவ வந்தியளா?" என்று செம்பாயி கேட்டாள். குழந்தை அவள் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"என் பேரும் அதுல இருக்கு, செம்பாயி. அதை மறந்துட்டியா?"

அவள் ஒரு நாற்றைப் பிடுங்கி அவன் முன்னால் போட்டாள். "நாத்து முத்திப் போச்சு. பாருங்க, கணு விடப் போவுது. இன்னும் அஞ்சு நா போனா மாட்டுக்குத்தான் போடணும். ஓவாயி அக்காளுக்கு நாக்குப் போவும். எங்களுக்கு இந்த வருசம் போவும். நீங்க விகடம் பண்ணித்தான் பொழைக்கிறவுக. உங்களுக்கு என்னா போவும்?"

அவளுக்குக் கோபம். நியாயமான கோபம். குப்பாண்டி நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பாட்டு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டான்.

"எங்க வருது? நடவு பாதியில நின்னுது, பாட்டும் பாதியில நிக்குது. கடைசி நாத்துக்கட்ட நட்டாத்தானே கடைசி அடி போட்டுக் கொலவ போடுவோம். அதுக்குள்ள பாட்ட முடிச்சா வெளங்குமா?"

குப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "கவிராயர் எழுதிக்கிட்டுப் போனாரே?"

"அந்தக் கூத்த ஏன் கேக்குறிய?" பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள். "வரப்புல நின்னவரு சும்மா நிக்க வேண்டியதுதானே. 'அடி குறையுது, சீர் குறையுது'ன்னு அவரே ஒரு அடியச் சொல்லிப்புட்டாரு. வரப்புல நிக்கிறவுக வாயில எது வந்தாலும் நாங்க பாட்டுல ஏத்திக்குவம்ல, அதையும் ஏத்திக்கிட்டோம். அர்த்தந்தான் தெரியல. பாட நல்லாருக்கு."

அந்த அடியைப் பாடிக் காட்டினாள். குப்பாண்டி அதை மறுபடியும் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் அவன் சபைக்கு வெறுங்கையோடு வந்தான். பிணைக்காரனின் நாக்கை அறுக்க ஆள் தயாராக நின்றான். சூரங்கோட்டையான் என்று அவனைக் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாதவன். இடுப்பில் வளைந்த கத்தி.

"எங்கே அவர்கள்?" என்றார் ராஜா.

"மகாராஜா, முதல் அடி போட்டவரைக் கண்டுபிடித்துவிட்டேன். நடு அடி போட்டவர்களையும் கண்டுபிடித்துவிட்டேன். கடைசி அடி போட்டவரை மட்டும் கொண்டுவர முடியவில்லை."

"ஓடிவிட்டானா?"

"இன்னும் அடி போடவில்லை, பிரபு. அவர்கள் வழக்கப்படி கடைசி நாற்றுக்கட்டு வயலில் இறங்கும்போதுதான் கடைசி அடி விழும். நடவு பாதியில் நிற்கிறது, ஆகவே பாட்டும் பாதியில் நிற்கிறது. முதல் அடி முதல் கடைசி அடி வரை என்பது மகாராஜாவின் ஆணை. கடைசி அடி இல்லாத பாட்டுக்குத் தண்டனை கொடுத்தால் குலதெய்வத்தின் பேரில் இட்ட ஆணை பழுதாகும். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"இது தந்திரம், அரசே," என்றார் கவிராயர்.

"தந்திரமாக இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவர் கவிராயர்தான்," என்றான் குப்பாண்டி. "பாட்டை முடிக்கட்டும். முடித்த இடத்திலேயே எல்லோரையும் ஒருசேரப் பிடித்துவிடலாம். வரப்பிலேயே தண்டனை நடக்கட்டும். முடிக்க நடவு வேண்டும், நடவுக்குத் தண்ணீர் வேண்டும். நாளைக்கு உழவு, மறுநாள் நடவு. இரண்டு நாள் மதகு திறந்தால் போதும்."

ராஜா யோசித்தார். ஆணை அவரையும் கட்டியிருந்தது. "இரண்டு நாள். மூன்றாம் நாள் பலகை விழும். பாட்டு முடிந்ததும் கத்தி விழும். நானே வந்து பார்ப்பேன்."

வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது. யாருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. உழுதார்கள். பரம்படித்துச் சேற்றைச் சமப்படுத்தினார்கள். அந்தத் தண்ணீருக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

நடவு நாளன்று ராஜா வரப்பில் ஆசனம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் கவிராயர், ஒரு பக்கம் ஓலை எழுதும் கணக்கர், பின்னால் சூரங்கோட்டையான். ஓவாயியை அவிழ்த்துவிட்டார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கால் சேற்றில் பட்டதும் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு பாட்டை எடுத்தாள்.

*தாமரைக்குத் தண்ணி உண்டு, தங்க மதகு காவ உண்டு*

வரிசையாக நின்ற பெண்கள் அதையே திருப்பிப் பாடிக்கொண்டு, நட்டுக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தார்கள்.

"இது யார் போட்டது?" என்றார் ராஜா.

"ஓவாயி," என்றான் குப்பாண்டி. கணக்கர் எழுதினார்.

தாய்ப்பால் அடி வந்தது. குழந்தையை வரப்பில் மரத்தடியில் கிடத்திவிட்டு நட்டுக்கொண்டிருந்த செம்பாயி, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே நிமிர்ந்து, "அது என்னுதுங்க," என்றாள். கணக்கர் எழுதினார்.

*பல்லக்குல போறவுக பாதத்துல சேறு இல்லே*
*பாத்தியில நிக்கிறவ பானையில சோறு இல்லே*

"இது?"

குப்பாண்டி கை கூப்பினான். "இது அடியேன் போட்டது, மகாராஜா."

ராஜா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தார். கவிராயர் முகத்தில் எண்ணெய் வடிந்தது போலச் சிரிப்பு வழிந்தது. சூரங்கோட்டையான் கத்தியின் பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கணக்கர் குப்பாண்டியின் பெயரை எழுதினார். வயலில் பாட்டு நிற்கவில்லை.

*தாமரையின் தாகமது தணிஞ்சுதோ தார்வேந்தே*

வரப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலை அணிந்த மன்னனைத் தார்வேந்தே என்று விளிப்பது ஏட்டில் உண்டு, சபையில் உண்டு. நாற்று நடுகிறவள் வாயில் அது எப்படி வரும்?

"இது யாருடையது?" ராஜாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஓவாயி, உனக்கு அர்த்தம் தெரியுமா?" என்று குப்பாண்டி கேட்டான்.

"தெரியாதுங்க. அய்யா அன்னிக்கு இதே எடத்துல நின்னுக்கிட்டுச் சொன்னாரு. நல்லாருந்துச்சு, ஏத்திக்கிட்டோம்."

ராஜா கவிராயரைப் பார்த்தார். கவிராயருடைய காதில் கிடந்த கடுக்கன் ஆடியது. "அரசே, நான் இயற்றவில்லை. சீர் குறைந்தது. திருத்தினேன். திருத்தினேன், அவ்வளவுதான்."

*திருத்தினேன் திருத்தினேன்* என்று பின்வரிசை ராகத்தோடு எடுத்துக்கொண்டது. கணக்கர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கவிராயர் பெயரையும் எழுதினார்.

அதற்குப் பிறகு ராஜா வாயை இறுக மூடிக்கொண்டார். குப்பாண்டியின் கணக்கெல்லாம் அவர் வாய் திறப்பதில்தான் இருந்தது. அவரோ கல் போல உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. பச்சை வரிசை வரப்பு நோக்கி வந்துகொண்டே இருந்தது. அடுக்கி வைத்திருந்த நாற்றுக்கட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பெண்கள் பழைய அடிகளையே சுற்றிச் சுற்றிப் பாடினார்கள். கவிராயர் மிச்சமிருந்த கட்டுகளை எண்ணினார். குப்பாண்டியும் எண்ணினான். எப்படியும் எங்கள் எல்லோர் நாக்கும் போகத்தான் போகிறது என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டான்.

மிச்சம் நாலு கட்டு. மூன்று. இரண்டு. ஓவாயி அதில் ஒன்றை அவிழ்த்தபடி ராஜாவை நேராகப் பார்த்தாள்.

*தாளடியும் காஞ்சுபோச்சு, தங்கரத ராசாவே*
*தாமரைய அவிச்சுத் தின்னா தாங்கிடுமா எங்க வயிறு*

ராஜா துள்ளி எழுந்தார். "நிறுத்து. என் தண்ணீர், என் தாமரை. கேட்க நீங்கள் யார்?"

பின்வரிசைக்குப் பழக்கம் விடவில்லை. அவர்கள் யார் பேசுகிறார் என்று பார்க்கவில்லை, வரப்பிலிருந்து வந்ததை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள்.

*என் தண்ணி என் தாமரை கேக்க நீங்க யாரு*

ஓவாயி மட்டும் யாரென்று பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பதில் அடியைச் சொன்னாள்.

*எங்க நாத்து எங்க பசி சொல்ல வேற யாரு*

வயல் முழுக்க அந்த இரண்டு அடியையும் சேர்த்துப் பாடியது. பாட்டில் இதுவரை இருந்த எந்த அடியும் இந்த அளவுக்குக் குத்தவில்லை. ராஜா நின்றபடியே கேட்டார். தன் வார்த்தை அந்தப் பெண்களின் வாயில் திரும்பி வரும்போது எப்படி ஒலிக்கிறது என்று அவர் அதுவரை கேட்டதில்லை.

கணக்கரின் எழுத்தாணி ஓலைக்கு மேல் நின்றது. "பிரபு," என்றார் அவர், குரல் எழும்பாமல், "இந்த அடிக்கு யார் பெயரை..."

சூரங்கோட்டையான் ராஜாவைப் பார்த்தான், தன் கத்தியைப் பார்த்தான், மறுபடியும் ராஜாவைப் பார்த்தான்.

ஓவாயி கடைசி நாற்றுக்கட்டைக் கையில் எடுத்தாள். சேற்று நீர் அதிலிருந்து சொட்டியது.

"ஒரு கட்டுதானுங்க பாக்கி," என்றாள். "இத நட்டா பாட்டு முடிஞ்சுது. நடட்டுங்களா சாமி?"

நட்டால் பாட்டு முடியும். முடிந்தால் முதல் அடி முதல் கடைசி அடி வரை, யாராயிருந்தாலும், எந்தப் பதவியிலிருந்தாலும். ராஜா அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, பயமும் இருந்தது. அவர் பயந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"நடாதே," என்றார்.

"கையில வச்சிருந்தா வாடிப் போயிடுமுங்க. பத்து புள்ளைங்க சோறு இது."

"குப்பாண்டி," என்றார் ராஜா. பெயர் சொல்லிக் கூப்பிட்ட விதத்திலேயே உதவி கேட்பது தெரிந்தது.

"பாட்டு முடியாமலிருக்க ஒரு வழி உண்டு, மகாராஜா. அந்தக் கட்டை இந்த வயலில் நடக் கூடாது. அடுத்த ஊர் வயல் தரிசாகக் கிடக்கிறது. அங்கே கொண்டுபோய் நடட்டும். அங்கே நடவு முடியும் நேரத்தில் கடைசிக் கட்டை அதற்கடுத்த ஊருக்குக் கொடுத்துவிடட்டும். நாட்டில் நடாத வயல் ஒன்று இருக்கும்வரை பாட்டும் முடியாது, ஆணையும் பழுதாகாது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் தண்ணீர் வேண்டும்."

ராஜாவுக்கு முதலில் உதடு மட்டும் துடித்தது. பிறகு தொப்பை குலுங்கியது. ஆசனத்தில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் கவிராயருக்கு மூச்சு வந்தது.

"எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டாயடா. என்னையும் சேர்த்து," என்றார் ராஜா. "கேள், என்ன வேண்டும் உனக்கு? கழுத்து மாலையா, கிராமமா?"

"மதகுப் பலகை வேண்டும், பிரபு. வீட்டில் அடுப்பெரிக்க விறகில்லை."

ராஜா மறுபடியும் சிரித்தார். அன்றைக்கே மதகடியில் கிடந்த பலகையை வண்டியில் ஏற்றிக் குப்பாண்டி வீட்டில் இறக்கினார்கள். அவன் அதை நிஜமாகவே எரித்தான். தண்ணீர் வயலுக்குப் போனது. குளத்தில் தாமரை கொஞ்சம் குறைந்தது, அதற்காக யாரும் பட்டினி கிடக்கவில்லை.

கவிராயருக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. அடி போட்டவர் ஒரு வரிசையாவது இறங்கி நட வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். ராஜா சரி என்று தலையசைத்தார். ஓவாயி அவிழ்த்த கட்டில் மிச்சமிருந்த நாற்றோடு கவிராயர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் நட்ட நாற்றெல்லாம் படுத்துக்கொண்டதால் செம்பாயி பின்னாலேயே வந்து திரும்ப நட்டாள்.

ராஜாவின் பல்லக்கு புறப்பட்டது. பெண்கள் எழும்பி வந்த குலவையைத் தொண்டையிலேயே விழுங்கிக்கொண்டு, கடைசிக் கட்டோடு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். முன்னால் ஓவாயி போனாள். நாக்கு வாயில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவோ என்னவோ, அவள் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனாள்.

சூரங்கோட்டையான் மட்டும் பல்லக்கின் பக்கமாக ஓடி வந்தான். "பிரபு, நான் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?"

"பாட்டு முடியும் வரை. கூடவே போ. முடிந்ததும் வந்து சொல்," என்றார் ராஜா.

அவன் கத்தியோடு அடுத்த ஊர் வரப்பில் போய் உட்கார்ந்தான். பாட்டைக் கேட்டான். அதிகம் பேசாதவன் என்று சொன்னேன் அல்லவா? பொழுது சாய்வதற்குள் அவன் வாயிலிருந்தும் ஓர் அடி வந்துவிட்டது.